ஷீட்டின் மறுமுனையில் நின்றவள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். உன் ஹாஸ்டல் அறையில் இருக்கும் மூன்று பேரிடமும் காட்டாதே. அவர்களை நீ பேட்ச்மேட் என்று பெருமையாகச் சொல்வாய், ஆனால் அதில் ஒருத்தியின் அம்மா நம் ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மடிக்கும் மேசையில் நிற்கிறாள், இங்கே ஒருவர் தும்மினால் அங்கே அவளுக்குக் கேட்டுவிடும். படித்து முடித்ததும் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கிழி, வெறுமனே கிழித்தால் ஒட்டிப் பார்ப்பார்கள். வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய இரண்டு தாள் இதற்கு மேலும் கீழும் இருக்கும், இதை நடுவில் வைத்து மடித்திருக்கிறேன். அதை முதலில் படித்திருந்தால் நாங்கள் இருவரும் நலம், நீயும் அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று படித்திருப்பாய். அதில் பொய் இல்லை, அம்மாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, எனக்கும் காய்ச்சல் எதுவும் இல்லை, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆனால் இரண்டாவது தாளின் கடைசியில், லாண்டரியில் ஒரு சின்ன விபத்து, யாரோ ஒருத்திக்கு அடிபட்டுவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே என்று ஒரு வரி இருக்கும். அந்த யாரோ ஒருத்தி நம் சித்தி.

ஆமாம், சித்திதான். அம்மாவின் ஜோடி. ஷீட்டுக்கு இஸ்திரி போடும் ரோலர் அறைக்குள் நீ வந்து எத்தனை வருடம் ஆகிறதோ, அதனால் சொல்கிறேன். ஈர ஷீட்டை ஒருத்தியால் மிஷினுக்குள் விட முடியாது, இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை ஒருத்தியும் பிடித்து, இழுத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும், இல்லையென்றால் கோணலாகப் போய்ச் சுருண்டுவிடும். அப்படிச் சேர்ந்து நிற்பவளைத்தான் ஜோடி என்கிறார்கள். அம்மாவும் சித்தியும் பதினோரு வருடம் ஜோடி. ஒருத்தி இருமினால் மற்றவள் கை தானாக நிற்கும் என்று மடிக்கும் மேசைக்காரிகள் கேலி செய்வார்கள். நம் சொந்தத்தில் சித்தி என்று யாரும் இல்லாததால் அம்மாதான் அவளை அப்படிக் கூப்பிடச் சொன்னாள், நீ நர்சிங் இன்டர்வியூவுக்குப் போன மூன்று நாளும் நான் அவர்கள் வீட்டில்தான் அவள் மகளோடு ஒரே பாயில் படுத்தேன். மிஷினில் துணி போகும் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும், விரல் அதில் பட்டால் மிஷின் தானே நிற்கும். ஆனால் கனமான மடிப்பு பட்டாலும் நிற்கும், நின்று நின்று போனால் கொடுத்த எண்ணிக்கை முடியாது. அதனால் வேலை அதிகமான நாட்களில் பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டும் கொக்கி அம்மா நிற்கும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் எப்போதும் அம்மாதான் கட்டுவாள். சூப்பர்வைசருக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால் அவர் வாசலிலேயே விசில் அடித்துக்கொண்டு வருவார், அந்தச் சத்தம் கேட்டதும் எல்லா மிஷினிலும் கட்டியதை அவிழ்ப்பார்கள். அதனால்தான் அவருக்கு விசில் என்று பெயர்.

பதினேழு நாளைக்கு முன்னால், காலை பத்து மணிக்கு, சித்தி பக்கத்து மூலை ஒன்று மடங்கிவிட்டது. தினமும் நூறு தடவை செய்வதுபோல அதை நீவிவிடக் கையை வைத்திருக்கிறாள். கம்பி கட்டியிருந்தது. மிஷின் நிற்கவில்லை. வலது கையில் நான்கு விரலையும் ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள் அக்கா, கட்டை விரல் மட்டும்தான் இருக்கிறது, உள்ளங்கை முழுக்க வெந்துபோயிருக்கிறது. அவளை வேனில் ஏற்றிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, விசில் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து அந்த முனையில் நிறுத்தி, வேலை நிற்கக்கூடாது என்றிருக்கிறார். சித்தியின் கையோடு உள்ளே போன ஷீட்டைக்கூட வீசவில்லை. கறை போகத் துவைத்துச் சாயங்காலம் மறுபடி இஸ்திரிக்கு அனுப்பினார்கள், அதையும் அம்மாதான் பிடித்து விட்டாள். மடிக்கும் மேசையில் ஒருத்தி, பரவாயில்ல, டாட்டா காட்ட இன்னொரு கை இருக்குல்ல என்றாளாம், எல்லோரும் சிரித்தார்களாம். இதை அம்மா வீட்டில் வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நான்காம் நாள் விசில் நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நீ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று கொண்டுவந்திருந்தார். அம்மாவின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால் அம்மா என்னைக் கூப்பிட்டாள், நம் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையதுதானே. முதலில் பெயர், வயது, எத்தனை வருட வேலை. அப்புறம் அடிபட்டவருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு என்று ஒரு கட்டம். அம்மா யோசிக்காமல் ஜோடி என்று சொன்னாள், நானும் ஜோ வரை எழுதிவிட்டேன். விசில் தாளின் மேல் கையை வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை அக்கா, பாடம் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார்.

“ஜோடின்னு எழுதினா நீ எதிர்ல நின்னேன்னு ஆகும். எதிர்ல நின்னா யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. அதே பிரிவில் வேலை செய்பவர்னு எழுதச் சொல்லு. அது போதும்.”

வேறு தாள் கொடுத்தார், அந்தமாதிரி ஐந்தாறு வைத்திருந்தார். அம்மா சொல்ல, நான் எழுதினேன். அதே பிரிவில் வேலை செய்பவர், முகம் தெரியும், அதிகம் பேசிப் பழக்கம் இல்லை. சம்பவ நேரத்தில் நான் தள்ளி நின்றிருந்தேன். கம்பியை அவரே கட்டியிருக்க வேண்டும். சத்தம் கேட்டு நான்தான் ஓடிப்போய் மிஷினை நிறுத்தினேன். அழகாக எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, விசில் எடுத்துப் பார்த்து, பொண்ணு கையெழுத்து அச்சுமாதிரி இருக்கே என்றார், எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, பெரியவ அங்க நல்லா படிக்கறாளா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். உன் நர்சிங் சீட்டு லாண்டரியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தருவது, அம்மாவுக்கு வேலை இருக்கும்வரைதான் உனக்கு அது. அவர் போன பிறகு நான் அம்மாவிடம், சித்திக்கு இனி என்ன ஆகும் என்று கேட்டேன். அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவர் செருப்பு மண் இருந்தது. நிமிராமல் சொன்னாள்.

“ஒருத்தி கை போச்சு. அதோட சேர்த்து என் பொண்ணு படிப்பும் போகணுமா? இனிமே அவளைச் சித்தின்னு கூப்பிடாதே. கூட வேலை செஞ்சவ, அவ்வளவுதான்.”

அந்தத் தாளை வைத்துத்தான் விசாரணை. இந்தத் திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரி அம்மாவை நேரில் கேட்பார், இதில் இருப்பதெல்லாம் உண்மைதானா என்று. அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டால், சித்தி தானே கம்பியைக் கட்டித் தானே கையை விட்டாள் என்று முடித்து அவளை வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள், கை போனதற்கு நஷ்டஈடும் கிடைக்காது. இல்லை என்று சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும், உனக்குச் சீட்டு போகும். அதுதான் விஷயம்.

நான் மட்டும் யோக்கியம் என்று நினைக்காதே. சித்தியின் மகளும் நானும் ஒரே பெஞ்ச் என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் எங்கள் இருவரையும் லாண்டரி ஒன்று, லாண்டரி இரண்டு என்பார்கள், நாங்கள் போனால் மூக்கைச் சுளித்து சோப்பு வாசனை அடிக்கிறது என்பார்கள், இரண்டு பேராக இருந்ததால் அது பெரிதாக வலிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவள் ஒரு வாரம் வரவில்லை. டீச்சர் வந்து, விட்டுப்போன பாடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவளுக்கு யாரும்மா தோழி என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வருவீங்க என்றார். நான் எழுந்து, இல்லை டீச்சர், ஒரே வகுப்பு அவ்வளவுதான் என்றேன். இடைவேளையில் பின் பெஞ்சுக்காரிகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டார்கள், அதுவரை அவர்கள் என்னிடம் பென்சில்கூடக் கேட்டதில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், எத்தனை விரல் என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு, இனிமேல் அவளை லாண்டரி இரண்டு என்று கூப்பிடாதீர்கள், அரைக்கை மகள் என்று கூப்பிடுங்கள் என்றேன். அந்தப் பெயர் நான் வைத்தது அக்கா. ஒரே நாளில் மாடிப்படிவரை பரவிவிட்டது. என்னை அன்றிலிருந்து யாரும் லாண்டரி ஒன்று என்று சொல்வதில்லை. அவள் திரும்பி வந்த அன்று கரும்பலகையில் நான்கு கோடு கிழித்து அடித்து வைத்திருந்தார்கள். அவள் பார்த்துவிட்டுத் துடைப்பானை எடுத்து அழித்தாள், யார் வேலை என்று கேட்கவில்லை, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பையை நடுவில் வைத்துக்கொண்டேன்.

நேற்று முன்தினம் அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். நான் எழுதிக் கொடுத்ததன் நகல், சித்தி வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் என் வரலாற்று நோட்டை வைத்தாள். போன மாதம் நான் அவளுக்குப் படிக்கக் கொடுத்தது. இரண்டையும் பார்த்தால் கண் தெரியாதவனுக்கும் தெரியும். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உன் எழுத்து ரொம்ப அழகா இருக்குன்னு எங்கம்மா சொன்னாங்க. அவங்களால இனிமே எழுத முடியாதில்ல, அதான் உன்னோடதை எடுத்து எடுத்துப் பார்த்துட்டே இருக்காங்க.”

அப்புறம் அவள் இன்னொன்று சொன்னாள். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். மிஷினை நிறுத்தும் பொத்தானும் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறது. கை உள்ளே போனதும் சித்தி அலறிக்கொண்டு அம்மாவையே பார்த்திருக்கிறாள். அம்மா பொத்தானுக்குப் போகவில்லையாம். முதலில் கொக்கியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பொத்தானை அழுத்தினாளாம். நீ பொய் சொல்கிறாய் என்று நான் அவளிடம் சொன்னேன். ஆனால் அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் விபத்து நடந்த அன்று இரவு அம்மாவின் மேலங்கியைத் துவைக்கும்போது பையில் ஒரு கிழிந்த துணிப்பட்டை இருந்தது, ஒரு ஓரம் கருகியிருந்தது, நான் கைத்துடைக்கும் துணி என்று நினைத்துக் கொடியில் காயப் போட்டேன். அம்மா காலையில் அதைக் கொடியில் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். நேற்று அம்மா வேலைக்குப் போன பிறகு நான் ஒரு துணியைக் கிழித்து ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டி, அவிழ்த்துப் பார்த்தேன். வேகமாகத்தான் அவிழ்த்தேன். ஒன்பதுவரை எண்ண வேண்டியிருந்தது. மறுபடி கட்டி மறுபடி அவிழ்த்தேன், ஏழு வந்தது. அதற்குக் கீழே வரவே இல்லை.

இன்று மதியம் மாடிப்படிக்குக் கீழே அவள் என்னை நிறுத்தி, அதே கையால இன்னொண்ணு எழுதிக் குடு என்றாள். நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினேன். முதல் தாளை என் அம்மா சொல்ல நான்தான் எழுதினேன், அவர்கள் பதினோரு வருடம் ஜோடி, கம்பியைக் கட்டியது என் அம்மா, கட்டுவது சூப்பர்வைசருக்குத் தெரியும் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அவள் நின்றுகொண்டே படித்துவிட்டு, ஒண்ணு விட்டுட்டே என்றாள். எதை என்று எனக்குத் தெரியும். அது வேண்டாமே, அது இல்லாமலேயே போதுமே என்று கெஞ்சினேன். அவள் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள். மணி அடித்துவிட்டது, எல்லோரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், எங்களைப் பார்த்து அரைக்கை மகளே வழியை விடு என்றார்கள். பெற்ற அம்மாவைப் பற்றி அந்த ஒரு வரியையும் எழுதினேன் அக்கா. தாளை வாங்கி மடித்துக்கொண்டு, இதை ஆபீசர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எங்கம்மா ஒரு தடவ உங்கம்மாவை நேர்ல பார்க்கணுமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து அம்மா முன்னால் உட்கார்ந்து, நாங்கள் நலம் என்று உனக்கு இரண்டு தாள் எழுதினேன். எழுத்து வரியை விட்டு இறங்குவதை அம்மா பார்த்துவிட்டு, குளுருதா என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

இப்போது அம்மா தூங்கிவிட்டாள், நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டால் செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைக்கும். அதற்கடுத்த ஞாயிறு உங்களுக்கு போன் கொடுக்கும் கால் மணி நேரத்தில் நீ வீட்டுக்குப் பேசு, மறுநாள்தான் விசாரணை. அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போடுவாள், நானும் பக்கத்தில் இருப்பேன். நான் சொன்னதாகச் சொல்லாதே, வேறு யாரோ சொன்னதாகச் சொல். சீட்டு போனால் போகட்டும் என்று சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால், சீட்டுதான் வேண்டும் என்றாவது சொல். உன் பெயரைச் சொல்லித்தான் அம்மா எல்லாவற்றையும் செய்கிறாள், நீ மட்டும் தெரியாதவளாக அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு தாளில் அம்மா உனக்குச் சொல்லியிருக்கும் புத்தி எல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான், நான் எதையும் கூட்டவில்லை. ஈரத் தலையோடு படுக்காதே, இரவு டியூட்டியில் வெறும் வயிற்றோடு நிற்காதே, கூடப் படிப்பவர்களிடம் அளவோடு பழகு, ஒரே அறையில் படுப்பதால் யாரும் நமக்குச் சொந்தம் ஆகிவிட மாட்டார்கள். வேறு என்ன எழுதட்டும் என்று நான் கேட்டதும், பெரியவ நல்லா இருக்கணும், நூறு பேருக்கு ஊசி போட்டு நூறு பேர் கையெடுத்துக் கும்பிடணும்னு எழுது என்றாள். எழுதியிருக்கிறேன். அந்த ஆசியை நீ வாங்கிக்கொள், அம்மா மனசாரத்தான் கொடுத்தாள். இந்தத் தாளை நனைத்துவிட்டுக் கிழிக்க மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா சொல்லாததையும் எழுதிவிட்ட
உன் தங்கை

அக்கா, வாசல் கதவைத் தட்டுகிறார்கள். விசிலாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார். இது மெதுவாக, முழங்கையால் தட்டுவதுபோல இருக்கிறது. அம்மா எழுந்துவிட்டாள், விளக்கு எரிகிறது, தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு யாரு என்று கேட்கிறாள். வெளியிலிருந்து சித்தியின் குரல், நான்தான் என்கிறது. அம்மா தாழ்ப்பாளை எடுக்கவில்லை. மறுபடி கேட்கிறாள்.

“நான்தான்னா, யாருங்க?”